உடம்பு, மனசு, நிக்கிற இடம்

ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கணவனும் மனைவியும் படகுத்துறையில் எதிரெதிரே நின்று, ஒருவர் லைஃப் ஜாக்கெட்டை ஒருவர் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதி அப்படி. ஏரிக்குள் போகிற இருவர் படகில் கால் வைப்பதற்கு முன் எதிராளியின் தோள்வாரை இரண்டு கையாலும் மேல்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும். பிறகு முகத்தைப் பார்த்து, "சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த விதியை எழுதியவர் அந்தக் கணவர்தான். கட்டிய மனைவியின் முகத்தை ஒரு நாள் இவ்வளவு பக்கத்தில் பார்க்க நேரும், பார்த்தும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று எழுதும்போது அவருக்குத் தோன்றியிருக்குமா, பாவம்.

அவள் இழுத்த இழுப்பில் அவருடைய குதிகால் பலகையை விட்டு எழும்பி இறங்கியது. "சரி," என்றாள், அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த ஏரியைப் பார்த்து. அவர் தன் பங்குக்குக் கொக்கிகளை எண்ணிவிட்டு, அவளுடைய தொப்பியிடம் "சரி" என்றார். மேட்டிலிருந்த ரேடியோ அறையின் ஜன்னல் திறந்திருந்தது. "முகத்தைப் பார்த்துச் சொல்லணும் சார், விதி இருக்கு," என்றாள் ரேடியோ அக்கா, சிரிக்காமல். நிலையத்தில் யார் எங்கே போனாலும் வந்தாலும் வாக்கி-டாக்கியில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். ஊர் நியாயம் முழுக்க அவள் காதில் விழுந்துதான் போகும்.

அந்த ஏரி ஆய்வு நிலையத்தில் அவரைப் பாதுகாப்பு அதிகாரி என்று யாரும் சொல்வதில்லை. கொக்கி சார். அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. சோதனைக்கூடத்தில் உடம்பில் அமிலம் பட்டால் ஓடிப்போய் நிற்க வேண்டிய அவசரக் குழாயை மாதாமாதம் சட்டை பேன்ட்டோடு அடியில் நின்று அவரே சோதிப்பார். சொட்டச் சொட்ட இயக்குநர் அறைக்குப் போய், "வேலை செய்யுது," என்று அறிவித்துவிட்டு வருவார். வீட்டில் வெங்காயம் நறுக்கச் சொன்னாலும் சோதனைக்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் கத்தியைத் தொடுவார். அவரைக் கிண்டல் செய்யாதவர் நிலையத்தில் ஒருவரும் இல்லை. அவர் வந்த பிறகு யாருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை என்பதை அறியாதவரும் இல்லை.

அவருடைய விதிகளிலேயே பேர்போனது மூன்று கேள்வி விதி. முன்பொரு சமயம் நாணல் காட்டுக்குள் போன ஆராய்ச்சியாளர் ஒருவர், வாக்கி-டாக்கியில் எப்போது கூப்பிட்டாலும் "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கரையேறியபோது, குளவி கொட்டி வீங்கிய முகத்தைப் பார்த்து நிலையத்து நாயே அவரை அடையாளம் தெரியாமல் குரைத்தது. ஏனய்யா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஒரு குளவிக்குப் போய் எல்லாரையும் கூப்பிடணுமான்னு வெக்கமா இருந்துச்சு," என்றார். அன்றிலிருந்து 'ஓகே' தடைசெய்யப்பட்டது. வெளியே போன இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாத இடத்தில் இருந்தால், கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். உடம்பு எப்படி, மனசு எப்படி, நிக்கிற இடம் எப்படி. மூன்றுக்கும் உண்மையான பதில் வேண்டும். மனசு எதற்கு என்று இயக்குநர் கேட்டபோது, "மனசு சரியில்லாதவன்தான் சார் கால் தப்பி வைப்பான்," என்றார் கொக்கி சார். இயக்குநரால் மறுக்க முடியவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நிலையம் முழுவதற்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் சமையலறை முதல் சோதனைக்கூடம் வரை எல்லா வாக்கி-டாக்கிப் பெட்டியிலும் கேட்கும். ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை மற்றவர் யாரும் வாயைத் திறக்க முடியாது. அதனால் பேசி முடித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும், சும்மா அழுத்தி வைத்திருப்பது கடும் குற்றம் என்று அதற்கும் ஒரு விதி போட்டிருந்தார்.

இப்போது சண்டைக்கு வருவோம். சண்டை தயிரில் ஆரம்பித்தது. குடியிருப்பில் குளிர் அதிகம், யார் வீட்டிலும் பால் உறையாது. கொக்கி சார் வீட்டில் மட்டும் வாரம் தவறாமல் கெட்டித் தயிர். "என் வீட்டுக்காரி கைராசி அப்படி," என்று வருஷக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டார். மனைவி ஏரியின் அடிச்சேற்றை ஆராய்கிறவள், அந்தப் பிரிவின் மூத்த ஆராய்ச்சியாளர். போன வாரம் அவளுடைய சோதனைக்கூடத்துக்குச் சோதனை போட வந்த கொக்கி சார், மூலையிலிருந்த பழைய இன்குபேட்டரைத் திறந்தார். கிருமிகளை இளஞ்சூட்டில் வளர்க்கிற பெட்டி அது. உள்ளே கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் தூக்கு நின்றது. மேலே 'ஆய்வுப் பொருள், தொடாதீர்' என்று ஒட்டியிருந்தது. மூடியில் இருந்த நசுங்கலை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கை தவறிக் கீழே போட்டு நசுங்கியதுதான். அன்று காலையில்தான் அதே தூக்கிலிருந்து இரண்டு கிண்ணம் தயிர் சாப்பிட்டிருந்தார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை அங்கேயே பேசித் தீர்த்திருக்கலாம். கடமை என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, "சோதனைக்கூடத்தில் யாரோ ஒரு அறிவிலி உணவுப் பொருள் வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது," என்று வாசித்தார். பெயர் சொல்லவில்லை, ஆகவே யாருக்கும் மனம் நோகாது என்று அவர் மனதார நம்பினார். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது மொத்தக் கூட்டமும் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், பழக்க தோஷத்தில் தயிர் கேட்டார். "அறிவிலி வீட்டுல தயிர் கிடையாது," என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

இதற்கு நடுவில் இன்னொன்று. வருஷத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும் ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் வடக்கு நிலையம், அவளை இரண்டு வருஷ வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இது கொக்கி சாருக்கு மனைவி சொல்லித் தெரியவில்லை, ரேடியோ அக்கா சொல்லித்தான் தெரிந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவருக்குச் சொல்ல இருந்தது ஒரே வார்த்தைதான். குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகியும் பார்த்தார். 'போகாதே' என்று ஆரம்பித்தால், வாய் தானாக 'போகக் கூடாது' என்று முடித்தது. அறிவிப்புப் பலகைக்கு எழுதி எழுதி வாய் கெட்டுப்போயிருந்தது. கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

அவளோடு வழக்கமாகப் போகிற உதவியாளருக்கு இன்று காய்ச்சல். தனியாக யாரும் போகக் கூடாது, கூட வர வேறு ஆள் இல்லாவிட்டால் பாதுகாப்பு அதிகாரியே போக வேண்டும். அதுவும் அவர் போட்ட விதிதான்.

எதிர்க்கரையில் படகைச் செருகி நிறுத்தியதும் அவள் அகலமான பலகைகளைக் கால்களில் கட்டிக்கொண்டாள். அந்தக் கரை முழுக்கச் சேறு. மேலே காய்ந்த ஏடு, கீழே பாதாளம். பலகை இருந்தால் பாரம் பரவி ஆள் மேலேயே நிற்பார். அடிச்சேற்றை உருவி எடுக்கிற நீளக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, சிறு கொடிகள் நட்டிருந்த வழியில் சளக் சளக்கென்று நடந்து நாணலுக்குப் பின்னால் மறைந்தாள். அவர் படகில் உட்கார்ந்து அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. இந்த நடையை இரண்டு வருஷம் வேறு ஏதோ ஒரு கரை பார்க்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

கால் மணி ஆயிற்று. பொத்தானை அழுத்தினார். "ஆராய்ச்சியாளர் அவர்களே, உடம்பு எப்படி?"

"நல்லா இருக்கு."

"மனசு எப்படி?"

நிலையமே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "வேலையில இருக்கு," என்றது குரல்.

"நிக்கிற இடம்?"

"பலகை மேல. இப்போ உங்களைக் கேக்கறேன் பாதுகாப்பு அதிகாரி அவர்களே. மனசு எப்படி?"

"விதிப்படி இருக்கு."

"அது பதில் இல்லையே சார்," என்று குறுக்கே நுழைந்தாள் ரேடியோ அக்கா. அவர் பெட்டியை இருக்கையில் வைக்கத் திரும்பினார்.

அப்போதுதான் படகின் இருக்கையில் அவளுடைய விசில் கிடப்பதைப் பார்த்தார். ஆபத்தென்றால் ஊதுவதற்குக் கழுத்தில் தொங்க வேண்டிய விசில், இங்கே படகில். விதிமீறல் என்று மனசு துள்ளியது என்றால் அது முழு உண்மையில்லை. ஒரு சாக்குக் கிடைத்தது என்றுதான் துள்ளியது. நேரே போய், ஒன்றும் பேசாமல் அதை நீட்டலாம். அவள் வாங்கித்தானே ஆக வேண்டும். வாங்கும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். பலகை கட்ட உட்கார்ந்தால் வேகம் போய்விடும் போலிருந்தது. கொடி வழி வேறு சுற்றிக்கொண்டு போனது. நேரே போனால் நாணல் எட்டிப் பிடிக்கிற தூரம். ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். முதல் சில அடிகள் தரை கெட்டியாகத்தான் இருந்தது. அடுத்த அடியில் முட்டிவரை போனது. அந்தக் காலை எடுக்க மற்றதை ஊன்றினார், அது தொடைவரை போனது.

இந்த நிலைமையில் என்ன செய்ய வேண்டும் என்று இந்த நிலையத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. மாதம் ஒரு தடவை மணல் குழியில் இறங்கி நின்று எல்லோருக்கும் செய்து காட்டுகிறவர் அவர்தான். திமிறக் கூடாது. மல்லாந்து சாய்ந்து கையை விரிக்க வேண்டும். உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். முதலாவதற்கு எதிராக ஐந்தாறு தடவை திமிறிப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறங்கினார். சாய்ந்தால் கையிலிருக்கும் வாக்கி-டாக்கி நனைந்துவிடும். கூப்பிடுவதா? கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு விசில். ஊதினால் பலகை கட்டாமல் சேற்றில் இறங்கிய பாதுகாப்பு அதிகாரி என்று பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிச் சிரிப்பார்கள். அதைவிட அவள் வந்து பார்ப்பாள். அறிவிலி யார் என்று அவள் கேட்கக்கூட வேண்டாம், சும்மா பார்த்தால் போதும்.

பெட்டி கரகரத்தது. "பாதுகாப்பு அதிகாரி அவர்களே, உடம்பு எப்படி?"

"நல்லா இருக்கு," என்றார். சேறு சில்லென்று தொடையைக் கவ்விக்கொண்டிருந்தது.

"மனசு?"

"நல்லா இருக்கு."

"நிக்கிற இடம்?"

"உறுதியா இருக்கு." அதில் பெரிய பொய் இல்லை. ஒரு அங்குலம் அசைய முடியவில்லை.

"குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும்," என்று இயக்குநரின் குரல் புகுந்தது. "அம்மா, வடக்கு நிலையத்துல இருந்து மறுபடியும் கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம், நான் என்ன சொல்ல? வர்றாங்கன்னு சொல்லிடட்டுமா?"

"கரைக்கு வந்ததும் சொல்றேன் சார்," என்றாள் அவள். பிறகு, "எனக்குத் தடை ஒண்ணும் இல்ல. இங்க யாரும் எதுவும் சொல்லல," என்றாள்.

கொக்கி சார் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். காற்று திரும்பிவிட்டது. மத்தியானம் ஆனால் காற்று எதிர்ப்பக்கம் அடித்து ஏரித் தண்ணீரை இந்தக் கரைப் பக்கம் ஒதுக்கும், அதற்கு முன்னால் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும் என்பதும் அவர் எழுதியதுதான். சேற்றின் ஏட்டில் மெல்லிசாகத் தண்ணீர் ஊறி வந்து இடுப்பைத் தொட்டது. இதற்கு முன் பயப்படாத பயம் பயந்தார். ஆனால் தண்ணீரை நினைத்து அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, எப்படியோ இதிலிருந்து பிழைத்து, கௌரவமாகக் கரையேறி, அவள் வடக்கே போவதைக் கௌரவமாகக் கையசைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறோமே என்று பயந்தார். வீங்கிய முகத்தோடு "ஓகே, ஓகே" என்ற அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவரை எத்தனை கூட்டங்களில் உதாரணம் காட்டித் திட்டியிருக்கிறார்.

அடுத்த அழைப்பு வந்தது. "உடம்பு எப்படி?"

"உடம்பு," என்று ஆரம்பித்தார். "உடம்பு இடுப்பு வரைக்கும் சேத்துல இருக்கு."

"சார்!" என்று அலறினாள் ரேடியோ அக்கா.

"குறுக்கே பேசாதீங்க. இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு."

மறுபடி பெட்டி திறந்தபோது சளக் சளக்கென்ற சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. ஓடி வந்துகொண்டிருந்தாள். "மனசு எப்படிங்க?"

அந்த 'ங்க' அவரை உடைத்துவிட்டது. "பயமா இருக்கு. ஒரு வாரமா பயமா இருக்கு, நீ போயிடுவியோன்னு. போகாதன்னு சொல்ல வந்தா போகக் கூடாதுன்னு வருது, அதான் சொல்லல. அன்னிக்குக் காலைல ரெண்டு கிண்ணம் தயிர் தின்னது நான்தான். இத்தனை வருஷமாத் தின்னதும் நான்தான். அதையும் கூட்டத்துல சேர்த்துப் படிச்சிருக்கணும். உன்னை அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது."

சமையலறையில் கரண்டி நின்றிருக்கும்.

"நிக்கிற இடம்?" என்றாள் அவள்.

"படகுக்கும் நாணலுக்கும் நடுவுல. பலகை கட்டல."

"பலகை கட்டலையா!" என்றாள் ரேடியோ அக்கா. அந்தக் குரலில் பதற்றமும் இருந்தது, பரம சந்தோஷமும் இருந்தது.

நாணலை விலக்கிக்கொண்டு வந்தவள் அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. பலகைகளைக் கழற்றிச் சேற்றின் மேல் போட்டு, அதில் குப்புறப் படுத்து, குழாயை அவர் கைக்குக் கீழே கிடத்தினாள். "பெட்டியை என்கிட்ட குடுங்க. இப்போ மல்லாந்து சாயுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"மணல் குழியில சுலபமா இருந்துச்சு."

"பேசாம சாயுங்க."

சாய்ந்தார். வானம் ரொம்பப் பெரிதாக இருந்தது. அவள் தோள்வரை கையை விட்டு அவர் காலைச் சுற்றித் தோண்டினாள். ஆயிரம் தடவை இந்தச் சேற்றில் குழாயை இறக்கி உருவிய கை, எங்கே காற்று விட்டால் பிடி தளரும் என்று அறிந்த கை. ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. பூட்ஸ் வரவில்லை.

"பூட்ஸ்," என்றார்.

"கிடக்கட்டும். நூறு வருஷம் கழிச்சு எவளாவது குழாய் விட்டு எடுத்துப் பார்ப்பா. இந்தக் காலத்துலயும் அறிவிலிங்க இருந்திருக்காங்கன்னு எழுதிக்குவா."

இருவரும் பலகைகளின் மேல் ஊர்ந்து வந்து படகில் ஏறி உட்கார்ந்தார்கள். சேறு வழிகிற கையாலேயே விசிலை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "தயிர் விஷயத்துல நீங்க சொன்னது சரிதான்," என்றாள். "அந்த இன்குபேட்டர்ல கிருமி வச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. இருந்தாலும் அங்க வச்சிருக்கக் கூடாது. அது எனக்கே தெரியும். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க பாருங்க, அதுதான்."

"தெரியுது."

"அந்த வடக்கு ஏரி நான் ரொம்ப நாளா ஆசைப்பட்ட ஏரிங்க. போறேனா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல."

அவர் இன்ஜினைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார். "போகாதன்னு சொன்னது பாதுகாப்பு அதிகாரி இல்ல."

"அது தெரியும். அவரா இருந்தா பலகை கட்டியிருப்பாரு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் தோள் குலுங்கியது தெரிந்தது. படகுத்துறை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நிலையத்தில் பாதிப்பேர் அங்கே நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் இயக்குநர், பெட்டியைக் கையில் பிடித்தபடி. அவள் மடியிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மேடம், மீட்டவங்களையும் கேக்கணும்னு விதி இருக்கு," என்றாள் ரேடியோ அக்கா. "உடம்பு எப்படி?"

"நல்லா இருக்கு."

"மனசு எப்படி மேடம்?"

"அதுக்கு முன்னாடி அம்மா," என்றது இயக்குநரின் குரல், "கரைக்கு வந்ததும் சொல்றேன்னீங்களே, வடக்கு நிலையத்துக்கு..."

இயக்குநர் பேசி முடித்து விரலை எடுத்த நொடியில் அவள் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. விரலை எடுக்கவுமில்லை. ஏரியைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டே இருந்தாள். கடும் குற்றம். அந்த விரல் எழும்வரை யாராலும் அவளை எதுவும் கேட்க முடியாது. கொக்கி சார் அந்த விரலைப் பார்த்தார். நகத்துக்கடியில் சேறு, நுனி வெளுத்திருந்தது. நேரமாக ஆகப் பொத்தானிலிருந்து மெல்ல வழுக்கத் தொடங்கியது.

அவர் எட்டித் தன் கட்டைவிரலை அவள் விரல்மேல் வைத்தார். அவள் அடியிலிருந்து தன் விரலை உருவிக்கொண்டு கையை உதறி விட்டுக்கொண்டாள். அவர் அழுத்தியதை விடவில்லை. மற்றக் கையால் இன்ஜினின் வேகத்தைக் குறைத்தார், பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தார். துறையில் இயக்குநர் பெட்டியைக் காதில் வைப்பதும் உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். அங்கே நின்ற எல்லோர் பெட்டியிலும் படகு தண்ணீரை அறுத்துக்கொண்டு வருகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.